தரையில் உட்கார்ந்து காய்கறி விற்கும் அம்மாவின் இடுப்பு, முழங்கால், தோள் வலி: தொழிலை விடாமல் என்ன செய்யலாம்?

கேள்வியின் சுருக்கம் இது. அம்மாவுக்கு 52 வயது. இருபது வருடமாகக் காய்கறி வியாபாரம். விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேட்டில் சரக்கு எடுத்து, லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து, தெருமுனையில் சாக்கு விரித்து மதியம் வரை உட்கார்ந்து விற்கிறார். இடுப்பு வலி பல வருடமாக உண்டு. முழங்கால் இரண்டு வருடமாகப் படுத்துகிறது. இப்போது வலது தோளும் சேர்ந்துகொண்டது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் தேய்மானம் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். பெல்ட் வாங்கலாமா, எண்ணெய் தேய்த்தால் போதுமா, தொழிலை விட்டுவிடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டு வருமானம் நிற்காமல் வலியைக் குறைக்க வழி உண்டா என்பதே இதில் அடங்கிய கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். வழி உண்டு. அதில் பாதிக்கு மேல் மருந்துக் கடையில் கிடைக்காது. அவர் உட்காரும் உயரத்திலும், கை நீட்டும் தூரத்திலும், காலையில் மூட்டை இறக்கும் அந்த ஒரு மணி நேரத்திலும் இருக்கிறது. இயன்முறை மருத்துவமும் (பிசியோதெரபி) தொழில்சார் உடல்நலத் துறையும் சொல்வதை வைத்து எழுதுகிறேன். உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் இன்ன நோய் என்று சொல்ல முடியாது. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எக்ஸ்ரே. 50 வயதைத் தாண்டியவர்களில், வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் பத்தில் எட்டுப் பேருக்கு முதுகெலும்பு வட்டுகளில், அதாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்குகளில், தேய்மானம் தெரியும். படத்தில் தேய்மானம் இருப்பதும் அதனால்தான் வலிக்கிறது என்பதும் வேறு வேறு விஷயம். முழங்காலிலும் இப்படித்தான், படத்தில் மோசமாகத் தெரிகிறவர் நன்றாக நடப்பார், படம் சுமாராக இருப்பவர் படி ஏறத் திணறுவார். தேய்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தால் அந்த எண்ணத்தை முதலில் மாற்றுங்கள். அந்தப் பயத்தில் காலை அசைக்காமல் வைத்திருப்பவர்களுக்குத் தொடைத் தசை சீக்கிரம் மெலிந்து, மூட்டின் பாடு இன்னும் கூடுகிறது.

ஆனால் இந்தத் தொழில் உடம்பைப் படுத்துவது உண்மை. இதில் உறுதியானது எது, சந்தேகத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்கிறேன். வருடக்கணக்கில் குந்தியும் மண்டியிட்டும் வேலை செய்வதற்கும் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கும் தொடர்பு இருப்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. கூடவே பாரமும் தூக்கினால் ஆபத்து கூடுகிறது. குனிந்து, திரும்பி, பாரம் தூக்குவதற்கும் இடுப்பு வலிக்கும் உள்ள தொடர்பும் அதேபோல வலுவானது. சந்தை வியாபாரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு செய்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் போய்க் கேள்வித்தாளை நிரப்பி வாங்கியவை. 1987-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் உருவான நார்டிக் கேள்வித்தாளில், உடம்பின் ஒன்பது பகுதிகளில் கடந்த 12 மாதத்திலும் கடந்த 7 நாளிலும் தொந்தரவு இருந்ததா என்று கேட்பார்கள். வலி எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்கு அது போதும். வலிக்கு வேலைதான் காரணமா என்று அதை வைத்து நிரூபிக்க முடியாது. வலி தாங்காமல் சந்தையை விட்டே போனவர்கள் அந்தக் கணக்கில் வருவதும் இல்லை. ஆகவே உண்மையான பாதிப்பு அந்த எண்களைவிடக் கூடவே இருக்கும் என்பது என் கணிப்பு.

இனி பாரத்துக்கு வருவோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே, வயது வந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது, பெண்களுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதுவே மிகத் தாராளமான எல்லை. தொழிலாளர் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் நிறுவனம் 1991-ல் திருத்திய கணக்கு இன்னும் பயனுள்ளது. எல்லாம் சாதகமாக இருந்தால், அதாவது பாரம் உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில், நேர் முன்னால் இருந்தால், 23 கிலோ வரை தூக்கலாம் என்று அது தொடங்குகிறது. பாரம் தரையில் கிடந்தால் அந்த 23-ஐ 0.775-ஆல் பெருக்க வேண்டும். உடம்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் பாதியாகும். 45 டிகிரி திரும்பித் தூக்கினால் மேலும் 0.86. மூன்றையும் சேர்த்தால் ஏழரை கிலோவுக்குப் பக்கம் வந்து நிற்கிறது. விரித்த சாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற தக்காளி டிரேயை, இந்தப் பக்கம் நின்று எட்டிக் குனிந்து இழுத்துத் தூக்குவது ஏறக்குறைய இந்த நிலைதான். அந்த டிரேயில் 14 கிலோவோ அதற்கு மேலோ இருக்கும். எவ்வளவு உயரம் தூக்குகிறோம், மணிக்கு எத்தனை தடவை தூக்குகிறோம் என்பதையும் சேர்த்தால் எல்லை இன்னும் கீழே போகும். உட்கார்ந்தபடி தூக்குவதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது நின்று தூக்குபவர்களுக்காக வகுத்தது. இதில் கவனிக்க வேண்டியது தூரத்தின் பங்கு. சுற்றி அந்தப் பக்கம் போய், டிரேயை உடம்போடு ஒட்டித் தூக்கினால் இந்தக் கணக்கின்படி தூக்கக்கூடிய எல்லை இரண்டு மடங்காகும். இதற்குச் செலவு நாலு எட்டு நடை.

விடியற்காலை நேரத்துக்கு என்று ஒரு பிரச்சினை இருக்கிறது. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். எழுந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் அவை விறைப்பாக இருப்பதால், குனிந்து தூக்கினால் அவற்றின் மீது அழுத்தம் கூடுதலாக விழும். காலையில் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நாள்பட்ட இடுப்பு வலி குறைந்தது என்று 1998-ல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. சிறிய ஆய்வு என்பதால் இதை முழு நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உடற்கூறோடு ஒத்துப்போகிறது. உங்கள் அம்மா இரண்டு மணிக்கு எழுந்து மூன்று மணிக்கு மூட்டையில் கை வைக்கிறார். அது போதாதென்று, லோடு ஆட்டோவின் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே முதுகு வளைத்து உட்கார்ந்து வந்து, இறங்கியதும் சரக்கை இறக்குகிறார். வளைந்த நிலையில் நெடுநேரம் இருந்தபின் தசைநார்கள் தளர்ந்து, முதுகைத் தாங்கும் திறன் சிறிது நேரத்துக்குக் குறைந்திருக்கும். வண்டியை விட்டு இறங்கியதும் இரண்டு மூன்று நிமிடம் நடக்கட்டும். இடுப்பில் இரு கைகளையும் வைத்து ஐந்து தடவை மெதுவாகப் பின்னால் வளையட்டும். அப்புறம் சரக்கை இறக்கட்டும். வெங்காயம், உருளை போன்றவற்றை 50 கிலோ மூட்டையாக வாங்கினால், கோயம்பேட்டிலேயே இரண்டாகப் பிரித்துக் கட்டச் சொல்லுங்கள், அல்லது பக்கத்துக் கடைக்காரரோடு பங்கு போட்டு அரை மூட்டை எடுக்கட்டும். சுமைக்கூலி மிச்சம் பிடிக்கத் தானே இறக்குவது பல பெண்கள் செய்கிற காரியம். அங்கே மிச்சமாகும் ரூபாய் வலி மாத்திரைக்கும் ஊசிக்கும் போய்விடுகிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது உட்காரும் இடம். இதுதான் மிக முக்கியமானது. இதில்தான் தப்பும் அதிகம் நடக்கிறது. முழங்கால் வலிக்கிறதென்று பிள்ளைகள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிக் கொடுப்பார்கள். இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு மூன்றாம் நாள் அம்மா அதை ஓரமாகத் தூக்கி வைத்துவிடுவார். காரணம் பிடிவாதம் அல்ல. ஆள் ஒன்றரை அடி உயர்ந்துவிட்டார், காய் மட்டும் தரையிலேயே கிடக்கிறது. ஒவ்வொரு தடவை கத்தரிக்காய் அள்ளவும் முன்பைவிட ஆழமாகக் குனிய வேண்டியிருக்கிறது. முழங்காலுக்கு நல்லது செய்யப் போய் இடுப்புக்குக் கெடுதலாகிறது. ஆளை உயர்த்தினால் சரக்கையும் கூடவே உயர்த்த வேண்டும். காய் வந்த காலி டிரேக்களைக் கவிழ்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைத்தால் ஏறக்குறைய இரண்டு அடி உயரம் வரும். இரண்டு பக்கமும் அப்படி வைத்து மேலே ஒரு பலகையோ பழைய கதவோ போட்டு, அதன்மேல் சாக்கை விரித்தால் கடை ஆயிற்று. மதியம் கட்டும்போது எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். நகராட்சி வண்டி வந்தாலும் சட்டென்று எடுத்துவிடலாம். உட்காரும் ஸ்டூல், பாதம் முழுவதும் தரையில் பதிந்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்றுக் கீழே இருக்கும் உயரத்தில் அமைய வேண்டும். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு அது 40 சென்டிமீட்டரை ஒட்டி வரும். வாங்குபவர்களும் குனியாமல் பொறுக்கலாம். வயதானவர்கள் இதற்காகவே கடை தேடி வருவார்கள்.

இடம் மிகக் குறுகல், உயர்த்த வழியே இல்லை என்றால் பாதியளவாவது செய்யலாம். தரைக்குப் பதில் ஆறு அங்குல மணை. அதன்மேல் கோணியை மடித்து, பிட்டத்தின் பின்பாதிக்கு மட்டும் அடியில் வரும்படி வைக்க வேண்டும். இடுப்பு எலும்பு சற்று முன்னால் சாய்ந்து முதுகு தானாக நிமிரும். குந்தி உட்காருவதை அறவே விடச் சொல்லுங்கள். முழங்காலை முழுக்க மடக்கி நெடுநேரம் குந்தினால், முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஓடும் நரம்பு நசுங்கிப் பாதத்தைத் தூக்க முடியாமல் போவதுண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், ஆனால் சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். செருப்பு தானாகக் கழன்று போகிறது, நடக்கும்போது பாதம் தரையில் தட்டுகிறது என்று சொன்னால் தாமதிக்காமல் காட்டுங்கள். எழுந்திருக்கும்போது நேராகக் கையூன்றி எம்பாமல், ஒருக்களித்து, ஒரு முழங்காலை ஊன்றி, டிரேயைப் பிடித்து எழட்டும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எழ வேண்டும் என்பதற்கு நிரூபணமான எண் எதுவும் கிடையாது. அரை மணிக்கு ஒருமுறை என்பது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. வியாபார நேரத்தில் கடிகாரம் பார்க்க யாராலும் முடியாது. கூறு தீர்ந்து புதுக்கூறு கட்டும்போதெல்லாம் எழுந்து நின்று கட்டுவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

வலது தோளுக்குக் காரணம் பெரும்பாலும் தராசு இருக்கும் இடத்தில் கிடைக்கும். ஒரு நாள் அம்மாவின் எதிரே பத்து நிமிடம் நின்று, கை எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். எலக்ட்ரானிக் தராசு வலது ஓரத்தில், கல்லாப் பெட்டி முதுகுக்குப் பக்கத்தில், பைகள் இடது பக்க ஆணியில். தட்டை எட்டி வைத்து, திரும்பி, எடை போட்டதை நின்றிருக்கும் ஆளிடம் தலைக்கு மேல் கை தூக்கிக் கொடுப்பார். ஒரு கிலோதான் என்றாலும் கையை முழுக்க நீட்டித் தூக்கினால் தோள் தசைநாருக்கு அது பெரிய பாரம்; காலையிலிருந்து மதியம் வரை எத்தனை தடவை அப்படி நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தராசை நேர் முன்னால், முழங்கையை விலாவோடு ஒட்டியபடி எட்டும் தூரத்தில் வைக்க வேண்டும். கல்லா மடியிலோ தராசுக்குப் பக்கத்திலோ இருக்கட்டும். வேகமாக விற்கும் தக்காளியும் வெங்காயமும் முன்வரிசைக்கு வர வேண்டும். எப்போதாவது கேட்கும் சேனையும் பூசணியும் பின்னால் போகலாம். சரக்கை உயர்த்தினாலே கொடுக்கும் கையும் தாழ்ந்துவிடும்.

தோளில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். முழங்கையை விலாவில் ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால் நீங்கள் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் திருப்பினாலும் கை வராமல் பூட்டிக்கொண்டால் அது ஃப்ரோசன் ஷோல்டர் எனப்படும் தோள் இறுக்க நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அது சர்க்கரை நோயாளிகளுக்குக் கூடுதலாக வரும். சர்க்கரை பார்த்து ரொம்ப நாளாகியிருந்தால் இந்த வாரமே பாருங்கள். முழங்காலுக்கும் ஓர் அடையாளம் உண்டு. காலையில் விறைப்பு அரை மணிக்குள் விட்டுப்போனால் தேய்மானத்தோடு ஒத்துப்போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, மணிக்கட்டும் விரல்களும் சேர்ந்து வீங்கினால் அது வேறு வகை மூட்டுவாதமாக இருக்கலாம். அதற்கு வேறு மருத்துவம். சீக்கிரம் தொடங்கினால்தான் மூட்டைக் காப்பாற்ற முடியும்.

வேலை நேரத்துக்கு வெளியே செய்ய வேண்டிய பயிற்சிகள் கொஞ்சம்தான். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, பத்துத் தடவை, சிறிது ஓய்வு, மறுபடி பத்து. கையில்லாமல் முடியாவிட்டால் தலையணை போட்டு இருக்கையை உயர்த்திக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து ஒரு காலை நேராக ஓர் அடி தூக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்துவது, காலுக்குப் பத்து. சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, பதினைந்து. வாரத்தில் நான்கைந்து நாள் போதும். செய்யும்போது கொஞ்சம் வலிப்பது சகஜம். மறுநாள் காலை வரை வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். முழங்கால் தேய்மானத்துக்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி பலன் தரும் என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. ஆனால் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பலர் இரண்டாவது வாரத்தில் கைவிடுகிறார்கள். எடை கூடுதலாக இருந்தால் அதுவும் முக்கியம். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலின் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.

நீங்கள் கேட்ட பெல்ட்: வலி இல்லாதவர்கள் வலி வராமல் தடுக்கப் பெல்ட் அணிவதற்குச் சான்று இல்லை என்று நியோஷ் 1994-லேயே சொல்லிவிட்டது. வலி கடுமையாக இருக்கும் ஓரிரு நாள், மூட்டை இறக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டால் கெடுதல் இல்லை. நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வெயிலில் தோல் புண்ணாவதுதான் மிச்சம். எண்ணெய் தேய்ப்பதும் வெந்நீர் ஒத்தடமும் அப்போதைக்குச் சுகம் தரும், தாராளமாகச் செய்யலாம். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்கு மட்டும் ஒத்தடச் சூட்டை உங்கள் கையில் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் களிம்பு நல்ல தேர்வு. மாத்திரையைப்போல வயிற்றைக் கெடுப்பது மிகக் குறைவு. இடுப்பு வலிக்காக இரண்டு நாளுக்கு மேல் படுத்தே கிடப்பது வலியை நீட்டிக்கும்.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தினமும் போட்டுக்கொண்டு வியாபாரத்துக்குப் போனால் இரைப்பைப் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு என்று வரிசையாக வரலாம். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் உட்காருபவர்களுக்குச் சிறுநீரக ஆபத்து இன்னும் கூடுதல். மருந்துக் கடையில் பெயர் இல்லாமல் பொட்டலமாக மடித்துக் கொடுக்கும் மாத்திரைகளில் பிரெட்னிசலோன், டெக்சாமெதாசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் ஊரில் நடப்பதுதான். போட்ட மறுநாளே வலி பறந்துபோய், பசி எடுத்து, நாளடைவில் முகமும் உப்பினால் சந்தேகப்படுங்கள். மாதக்கணக்கில் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு அதே வகை ஹார்மோனைத் தானாகச் சுரக்க மறந்திருக்கும். அந்தப் பொட்டலத்தோடு டாக்டரிடம் போய்ப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

தண்ணீர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பல சந்தைகளில் பெண்கள் போகும்படியான கழிப்பறை இல்லை. அதனால் காலையிலிருந்து மதியம் வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கல்லும் இதனால் வந்து, இடுப்பு வலி என்ற பெயரிலேயே சிகிச்சை நடந்துகொண்டிருக்கும். வலி விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாக, அசைவோடு சம்பந்தமில்லாமல், எரிச்சலோடோ குளிர் காய்ச்சலோடோ வந்தால் சிறுநீரைப் பரிசோதியுங்கள். உடம்பு முழுக்க அசதியும் கடுப்பும் இருந்தால் ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் டி மூன்றையும் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அடையாளங்கள் இவை: சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடுவது. இவை வந்தால் அன்றைக்கே போக வேண்டும், மறுநாள் என்று தள்ளக் கூடாது. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், படுத்தாலும் விடாத இரவு வலி ஆகியவற்றையும் காட்ட வேண்டும். சர்க்கரை உள்ளவருக்குத் தோளிலோ கையிலோ வியர்வையோடும் மூச்சுத் திணறலோடும் வலி வந்தால், அது மாரடைப்பா என்று முதலில் ஈசிஜி பார்த்தாக வேண்டும்.

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சை இலவசம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கடைகளில் சம்பளத்துக்கு நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. அம்மா சொந்தமாக விற்பவர் என்பதால் அது அவருக்குப் பொருந்தாது. அவருக்கு உரியது 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டம். அதன்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். கழிப்பறையும் மேடையும் கேட்க வேண்டிய இடம் அதுதான். மேடை கேட்கும்போது அளவோடு கேளுங்கள். ஆளும் சரக்கும் ஒரே மட்டத்தில் இருக்கும் மேடையில் வாங்குபவருக்கு வசதி கிடைக்கும். விற்பவர் அங்கேயும் சம்மணமிட்டுத்தான் உட்கார வேண்டியிருக்கும். சரக்குக்கு இரண்டரை அடி மேடையும், பின்னால் ஆள் ஸ்டூல் போட்டு உட்காரத் தாழ்ந்த தரையும் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லாதீர்கள். அம்மா எரிச்சலாகி ஒன்றையும் செய்ய மாட்டார். முதல் வாரம் தராசை மட்டும் முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டாவது வாரம் டிரேக்களும் பலகையும் ஸ்டூலும். மூட்டையைப் பிரிப்பது அதற்கப்புறம். பயிற்சி முதல் நாளிலிருந்தே. எட்டு வாரம் கழித்தும் படி ஏறுவதிலும் கை தூக்குவதிலும் மாற்றமே இல்லை என்றால் எலும்பு மூட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அப்போது எக்ஸ்ரேயோடு, அம்மா கடையில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து போனில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.